மூன்று வருடம் கழிந்தால் ஆஸ்பத்திரிக் கடன் தீர்ந்துவிடுமா?

(ஞாயிறு அஸருக்குப் பின் நம் டிரஸ்ட் கூடத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)





முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தார். ஒரு பிராது தாக்கலுக்கு வந்தால் நீதிபதியின் மேஜைக்குப் போகுமுன் அதைப் புரட்டிப் பார்ப்பது சிரஸ்தார்தான். ஸ்டாம்பு சரியா, இந்தக் கோர்ட்டுக்கு உரியதா, காலம் கடந்துவிட்டதா என்று பார்ப்போம். இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் ஆஸ்பத்திரி பாக்கியைப் பற்றி. ஏன் அதைப் பற்றி என்றால், போன வருடம் நம் மஹல்லாவில் நடந்த ஒரு சம்பவம்தான் காரணம். சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம். யாரென்று தெரிந்தவர்களும் தெரியாதது போலவே இருங்கள்.

அவருடைய கணவர் 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வபாத்தானார். பில் நாலு லட்சத்துப் பத்தாயிரம். நகையை வைத்தும், காக்காமாரிடம் வாங்கியும் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் கட்டியிருந்தார்கள். மீதி ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இரவு பதினொரு மணி. மய்யித்தைத் தூக்க வேண்டும். பில்லிங் கவுண்டரில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, “மீதியை நான் கட்டுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பாக்கிக்காக மய்யித்தைப் பிடித்து வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது தெளிவாக இருக்கிறது. 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை மாநிலங்களுக்கும் அனுப்பியது. குணமான நோயாளியைப் பாக்கிக்காக டிஸ்சார்ஜ் செய்யாமல் வைத்திருப்பதும் அதே போல் தவறு. பணம் அவர்களுக்கு வரவேண்டியதாகவே இருக்கலாம். அதைக் கேட்க வேறு வழி உண்டு. மய்யித்து அடமானப் பொருள் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கவுண்டரில் சட்டம் பேச யாருக்குத் தெம்பு இருக்கும்? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இத்தா முடிந்தது. 2022இல் இரண்டு முறை போன் வந்ததாம். அப்புறம் சத்தமே இல்லை. போன வருடம் ஜூலை மாதம் வசூல் ஏஜென்சி என்று சொல்லி ஒருவர் பைலோடு வந்து நின்றார். அசல் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், தாமதக் கட்டணம் ஐம்பத்தெட்டாயிரம், ஆக ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். “மாசம் ஐயாயிரம் கட்டினாப் போதும்மா, இந்தப் பேப்பர்ல மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா போலீஸ்ல கொடுப்போம்” என்றாராம். அந்தச் சகோதரி வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரம்மா மூலமாக அந்தப் பேப்பரை எனக்குக் கொடுத்தனுப்பினார்.

பேப்பரைப் பார்த்ததும் என் பழைய உத்தியோகப் புத்தி வேலை செய்தது. தேதியைத்தான் பார்த்தேன்.

நம் நாட்டில் 1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கோர்ட்டு வட்டாரத்தில் லிமிடேஷன் என்போம். கொடுத்த கைமாற்று, விற்ற சரக்கின் விலை, செய்த வேலைக்கான கூலி, கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டு, இதற்கெல்லாம் வழக்குப் போட மூன்று வருடம்தான். ஆஸ்பத்திரி பாக்கிக்கும் அதே மூன்று வருடம். அதற்கு மேல் வழக்குப் போட்டால், எதிராளி வாயைத் திறக்காவிட்டாலும் கோர்ட்டே அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு.

இந்தக் கணக்கைப் போடும்போது நிறையப் பேர் ஒரு இடத்தில் தவறுகிறார்கள். 2021 மே மாதம் என்றால் 2024 மே மாதத்தோடு முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கொரோனாவால் கோர்ட்டுகள் முடங்கிக் கிடந்ததால், 15-3-2020 முதல் 28-2-2022 வரையுள்ள நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆகவே 2021 மே மாத பாக்கிக்கு மூன்று வருடம் ஓட ஆரம்பித்தது 2022 மார்ச் ஒன்றாம் தேதி. முடிந்தது 2025 பிப்ரவரி கடைசியில். கொரோனா கால பில் இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் இந்தக் கணக்கைத்தான் போட வேண்டும்.

ஏஜென்சிக்காரர் வந்தது ஜூலையில். அதாவது காலம் கடந்து நாலு மாதம் ஆன பிறகு. அவர் ஏன் பணம் கேட்காமல் கையெழுத்துக் கேட்டார் என்பது இப்போது விளங்குகிறதா?

1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தில் 25ஆம் பிரிவு இருக்கிறது. காலம் கடந்த கடனாக இருந்தாலும், “கட்டுகிறேன்” என்று எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது புது ஒப்பந்தம். செத்துப்போன வழக்குக்கு மறுபடி உயிர் வந்துவிடும். மாதம் ஐயாயிரம் என்ற பேச்செல்லாம் அந்த ஒரு கையெழுத்துக்காக விரித்த பாய்.

மூன்று வருடம் முடியாமல் இருக்கும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். “பாக்கி இருப்பது உண்மைதான், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்” என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும், அன்றையிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். ஒரு ஆயிரம் ரூபாய் கட்டி, கட்டியதை நம் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ கொடுத்தாலும் அப்படியே. எழுதவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தவணை கேட்பவன் எழுதித்தான் கேட்க வேண்டும். எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் அந்தச் சகோதரியை வரச் சொல்லி, “கோர்ட்டுக்குப் போனாலும் அவங்களால ஒண்ணும் வாங்க முடியாது. பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு நிம்மதியா இரும்மா” என்றேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் வீட்டுக்காரம்மாவிடம் சொல்வது போல, “லாத்தா, கோர்ட்டுல கேக்க முடியாது சரி. மறுமையில அவரைக் கேக்க மாட்டாங்களா? அவரு கடனோட கிடக்கிறாரே” என்றார்.

முப்பத்தோரு வருட அனுபவத்தில் இதற்குப் பதில் இல்லை. இமாம் அவர்களிடம் போனோம்.

கடனாளியின் ஜனாஸாவைத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தன் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழவைத்ததும் நீங்கள் ஜும்ஆ மேடையில் பலமுறை கேட்டதுதான். வாரிசுகள் சொத்தைப் பிரிக்குமுன் மய்யித்தின் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். இமாம் அதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். உஸ்மானிய ஆட்சியில் 1869க்கும் 1876க்கும் இடையில் ஹனஃபி சட்டத்தைத் தொகுத்து ‘மஜல்லா’ என்று ஒரு சட்டநூல் ஆக்கினார்கள். அதிலும் காலவரம்பு இருக்கிறது. பதினைந்து வருடம் கேட்காமல் விட்ட கடன் வழக்கைக் காஜி விசாரிக்க மாட்டார். ஆனால் காலம் போனதால் ஹக்கு போய்விடாது என்றும் அதே நூல் சொல்கிறது. கடன்பட்டவன் காஜி முன்னால் “ஆமாம், தர வேண்டும்” என்று ஒப்புக்கொண்டால் காலவரம்பு அங்கே செல்லாது.

இதைக் கேட்டதும் எனக்கு நம் கோர்ட்டு ஞாபகம்தான் வந்தது. பம்பாய் டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். காலவரையறைச் சட்டம் வழக்குப் போடும் வழியை அடைக்கிறது, கடனை அழிப்பதில்லை. நான் எத்தனையோ பிராதுகளில் “காலம் கடந்தது” என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். கடன் தீர்ந்தது என்று ஒரு நாளும் எழுதியதில்லை. இரண்டும் வேறு என்று உறைத்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஏன் இப்படி ஒரு சட்டம் என்று கேட்கலாம். காலம் போகப்போக ரசீது தொலையும், சாட்சி மவுத்தாகிவிடுவார், கணக்கெழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இருபது வருடம் கழித்து ஒருவன் வந்து உன் வாப்பா எனக்குத் தர வேண்டும் என்றால் நாம் எதை வைத்து இல்லையென்று காட்டுவது? அதற்காக வைத்த வேலி அது. கட்ட வசதியுள்ளவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஒளிந்திருப்பதற்காக வைத்தது அல்ல. இளைஞர்கள் சிலர் முன்வரிசையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

இமாம் கடைசியாக ஒன்று கேட்டார். “கடன் இருக்கிறது, சரி. எவ்வளவு?”

அந்தக் கேள்விதான் காரியத்தை நகர்த்தியது. அதுவரை யாரும் பில்லைப் பார்க்கவில்லை. நானும்தான். தேதியைப் பார்த்தேனே தவிரத் தொகையைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஏஜென்சிக்கு அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்கு. முதல் வரியிலேயே, “இக்கடிதம் பாக்கியை ஒப்புக்கொள்வதோ, கட்டுவதாக வாக்களிப்பதோ அல்ல. கணக்கு விவரம் மட்டுமே கேட்கிறேன்” என்று போட்டோம். நாள்வாரியான பில், மருந்துப் பட்டியல், கட்டிய பணத்தின் வரவு எல்லாம் கேட்டோம். மூன்று வாரம் கழித்து வந்தது. பிரிக்காத ஊசி மருந்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு பார்மஸியில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதன் ரசீது சகோதரியிடம் இருந்தது, வரவில் இல்லை. பாதுகாப்பு உடைக்கு ஒரே நாளில் பலமுறை காசு போட்டிருந்தது. அந்தச் சமயம் கொரோனா சிகிச்சைக்குத் தமிழக அரசு கட்டண உச்சவரம்பு வைத்திருந்தது. அறை வாடகை அதற்கு மேல் போயிருந்தது. ஐம்பத்தெட்டாயிரம் தாமதக் கட்டணத்துக்கு அவர் போட்ட எந்தக் கையெழுத்திலும் ஆதாரம் இல்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவருடைய தம்பியும் நானும் போனோம். மேலாளர் முதலில் முகம் கொடுக்கவில்லை. அவரிடம் நான் சொன்னது இதுதான்: “கோர்ட்டுக்குப் போனால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அம்மா அதைச் சொல்லித் தப்பிக்க வரவில்லை. சரியான தொகையைக் கட்ட வந்திருக்கிறார்.” பேசி முடித்தபோது அறுபத்தைந்தாயிரம் என்று வந்தது. கணவர் நடத்திய கடையின் அட்வான்ஸ் நாற்பதாயிரம் கட்டட உரிமையாளரிடம் அப்படியே இருந்தது. அது மய்யித்தின் பணம், அவர் கடனுக்கே போனது. மீதி இருபத்தைந்தாயிரம் நம் டிரஸ்டின் பைத்துல்மாலிலிருந்து, ஜகாத் பெறத் தகுதியுள்ள கடனாளிகள் வகையில். ஒரே தடவையாகக் கட்டினோம். தவணைப் பேப்பர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. “முழு பாக்கியும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று முத்திரையோடு ரசீது வாங்கினோம். அன்று இரவு கொடுத்த அந்த வெள்ளைத்தாளையும் திருப்பி வாங்கினோம். சகோதரி அதை இன்னும் வைத்திருக்கிறார், கிழிக்க மனம் வரவில்லையாம்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். கணக்கில் பிழையே இல்லாத பில்லும் உண்டு, நியாயமாக வைத்தியம் பார்த்துவிட்டுப் பணத்துக்கு அலையும் டாக்டரும் உண்டு. அவர்கள் ஹக்கும் ஹக்குதான்.

இனி, மூன்று வருடம் என்ற பேச்சை நம்பி ஏமாறக் கூடாத சில இடங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை அடகு வைத்தால், நகை அவர் கையில் இருக்கிறது. அவருக்குக் கோர்ட்டே தேவையில்லை, நோட்டீஸ் கொடுத்து ஏலம் விடலாம். அங்கே மூன்று வருடக் கணக்கு நம்மைக் காப்பாற்றாது. வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கியிருந்தால் அது அடமானம். அதற்குப் பன்னிரண்டு வருடம்.

செக் விஷயம் ரொம்பக் கவனம். சில இடங்களில் அட்மிஷனின்போதே தொகை, தேதி போடாத செக்கை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் தேதி போட்டு வங்கியில் போடுவார்கள். திரும்பினால், தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ், நமக்குப் பதினைந்து நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் கிரிமினல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை இருக்கிறது அதில். வெற்றுச் செக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் பாக்கி தீர்ந்த அன்றே கையோடு திருப்பி வாங்குங்கள்.

அதே போல அட்மிஷன் பாரம். வாப்பா கடனுக்கு மகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாப்பா விட்டுப்போன சொத்தில் தன் பங்குக்கு வந்தது வரைதான் பொறுப்பு. ஆனால் “பணத்துக்கு நான் பொறுப்பு” என்று பாரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்கள் சொந்தக் கடன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணைக்குப் போன பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

சம்மன் வந்தால் ஒளியாதீர்கள். நம் வீடுகளில் இது ஒரு வியாதி. கோர்ட்டு ஆள் வந்தால் “வீட்டில் ஆண்கள் இல்லை” என்று கதவைச் சாத்திவிடுவது. வாங்க மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். தீர்ப்பாகிவிட்டால் அதை நிறைவேற்ற அவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. காலம் கடந்த வழக்காக இருந்தாலும், ஆஜராகி “இது காலம் கடந்தது” என்று சொல்ல ஆள் இருந்தால்தான் நல்லது. கோர்ட்டே பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் உட்காராதீர்கள். ஒருதலைத் தீர்ப்பு ஏற்கெனவே ஆகியிருந்தால் முப்பது நாளுக்குள் ரத்து செய்ய மனுப் போட வேண்டும்.

லோக் அதாலத் நல்ல இடம், பேசி முடிக்கலாம், செலவில்லை. ஆனால் அங்கே போடும் கையெழுத்து கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடும் கிடையாது. கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

போலீஸ் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். வெறும் பாக்கி போலீஸ் விவகாரம் அல்ல. பண வழக்கில் தீர்ப்பே ஆகியிருந்தாலும் ஒரு பெண்ணை அதற்காகக் கைது செய்து சிறையில் வைக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 56ஆம் பிரிவு. ஆண்களையும், கையில் இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றினால் தவிர, இல்லாமையைக் காட்டிச் சிறைக்கு அனுப்ப முடியாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கிக் கடன் வசூலிக்க வருபவர்கள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாசலில் நின்று கத்தி மானத்தை வாங்கினால் புகார் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

வக்கீலுக்குக் காசில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு, கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம்.

டிரஸ்ட் நிர்வாகிகள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அஸருக்குப் பின் நானும் இன்னொரு வக்கீல் தம்பியும் இங்கே இருப்போம். ஆஸ்பத்திரி பாக்கி உள்ளவர்கள் வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பில், பணம் கட்டிய ரசீது, மருந்து திருப்பிய ரசீது, வந்த நோட்டீஸ் இருந்தால் அதன் கவர் உட்பட எடுத்து வாருங்கள். கவரில் உள்ள தபால் முத்திரைத் தேதி தேவைப்படும். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள். பெண்கள் தனியாக வரச் சங்கடப்பட்டால் என் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தனுப்பலாம், அந்த வழி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.